400 வெள்ளிக்குள் பழைய கேமிங் கம்ப்யூட்டர்: போர்டை மாற்றாதீர்கள்

எனக்கு எழுதிய ஒரு தம்பியின் கேள்வி சுருக்கமாக இது. அண்ணன் 2017இல் வாங்கிய கம்ப்யூட்டர் இப்போது இவர் கைக்கு வந்திருக்கிறது. ரைசன் 5 1600 பிராசசர், பி350 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060 3 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க், 450 வாட் பவர் சப்ளை, 1080பி திரை. பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த 400 சிங்கப்பூர் வெள்ளி கையில் இருக்கிறது. வாலரண்ட் என்ற சுடும் கேம் திக்கித் திக்கி ஓடுகிறது, புது கேம்கள் திறக்கவே நேரம் பிடிக்கிறது. ஒரு நண்பர் ஆர்டிஎக்ஸ் 5060 கிராபிக்ஸ் கார்டு வாங்கச் சொல்கிறார். இன்னொருவர் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் புதுசாகக் கட்டச் சொல்கிறார். எதைக் கேட்பது?

இரண்டும் வேண்டாம் தம்பி. உங்களிடம் இருப்பதிலேயே விலைமதிப்பான பொருள் அந்தப் பழைய மதர்போர்டுதான். அதைக் கழற்றாமல் சுற்றியிருப்பதை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றினால், 400 வெள்ளியில் இன்னும் மூன்று நான்கு வருடம் நிம்மதியாக விளையாடலாம்.

ஏன் என்று சொல்கிறேன். பி350 போர்டில் பிராசசர் உட்காரும் இடம் ஏஎம்4 சாக்கெட். 2017இல் முதல் ரைசன் வந்தபோது பொருத்திய அதே சாக்கெட்டில், 2020இல் வெளிவந்த ரைசன் 5000 வரிசையும் உட்காரும். முதலில் பி350 அடங்கிய 300 வரிசை போர்டுகளுக்கு இந்த ஆதரவு கிடையாது என்றுதான் ரைசன் தயாரிக்கும் ஏஎம்டி சொல்லிக்கொண்டிருந்தது. 2022இல் அது மாறியது. போர்டு தயாரிப்பாளர்கள் புதிய பயாஸ் (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) வெளியிட்டார்கள். 2017இல் உங்கள் அண்ணன் இன்டெல் பக்கம் போய் ஐ5 7400 வாங்கியிருந்தால், அந்த போர்டின் உச்சம் ஐ7 7700கே. அதோடு வழி அடைபட்டிருக்கும். அடுத்து வந்த எட்டாம் தலைமுறை பிராசசரும் பார்க்க அதே சாக்கெட்தான், ஆனால் பழைய போர்டில் வேலை செய்யாது. அண்ணனுக்கு ஒரு நன்றி சொல்லிவிடுங்கள்.

புதுசாகக் கட்டினால் என்ன ஆகும்? இன்றைய போர்டுகளுக்கு டிடிஆர்5 ரேம் வேண்டும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. ஏஐ தரவு மையங்களுக்கு மெமரி சிப்புகள் போய்ச் சேருவதால் நமக்குக் கிடைப்பது குறைந்துவிட்டது. போர்டு, பிராசசர், ரேம் மூன்றுக்குமே உங்கள் 400 பற்றாது. கார்டுக்கு ஒரு காசு மிஞ்சாது.

அப்புறம் அந்த ஆர்டிஎக்ஸ் 5060. நல்ல கார்டுதான். ஆனால் அமெரிக்க அறிமுக விலையே 299 டாலர். அதை வெள்ளிக்கு மாற்றி நம் ஊர் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் சேர்த்துப் பாருங்கள், உங்கள் மொத்தப் பணமும் அதிலேயே போய்விடும். போனபிறகு அது எங்கே உட்காரப்போகிறது? 2017 பிராசசரோடு, ஒற்றை ஸ்டிக் ரேமோடு, ஹார்ட் டிஸ்க்கோடு. வாலரண்ட் போன்ற கேமில் கார்டுக்குப் பெரிய வேலையே இல்லை; பிராசசர்தான் மூச்சு வாங்குகிறது. அந்தத் திணறல் 5060 போட்டாலும் அப்படியே இருக்கும்.

காசு செலவழிக்கும் முன் ஒரு மாலை ஒதுக்கி, எது தடுக்கிறது என்று அளந்து பாருங்கள். கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இருந்தால் இன்னும் வசதி, எண்களைத் திரையின் மூலையிலேயே காட்டும். கார்டின் பயன்பாடு 95 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் கார்டுதான் தடை. கார்டு 60, 70இல் சும்மா இருக்க, பிரேம் எண்ணிக்கை (நொடிக்கு எத்தனை படம்) மட்டும் ஏறவில்லை என்றால் பிராசசரோ ரேமோ தடை. எட்டு ஜிபி ரேமில் ஏழரை நிரம்பி ஹார்ட் டிஸ்க் நூறு விழுக்காட்டில் துடித்துக்கொண்டிருந்தால், ரேம் போதாமல் விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கை ரேம் மாதிரி பயன்படுத்துகிறது என்று அர்த்தம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் வாலரண்டில் இரண்டாவதும், புது கேம்களில் மூன்றாவதும் நடக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அதே பக்கத்தில் ரேமின் வேகத்தையும் கவனியுங்கள். 2133 என்று காட்டினால், ஸ்டிக்கின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணையும் பாருங்கள். பல பேருடைய கம்ப்யூட்டரில் 3000 என்று எழுதிய ரேம் வருடக்கணக்காக 2133இல் ஓடிக்கொண்டிருக்கும், பயாஸில் எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக அமைப்பை யாரும் ஆன் செய்யாததால். முதல் தலைமுறை ரைசன் வேகமான ரேமோடு கொஞ்சம் அடம் பிடிக்கும், அதனால் 2933இல் நின்றாலும் பரவாயில்லை. இது செலவில்லாத வேலை.

சரி, இப்போது பணம். எதை முதலில் வாங்குவது என்பது முக்கியம், ஏனென்றால் ஒவ்வொன்றும் அடுத்ததற்கு வழி விடுகிறது.

முதலில் எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க்கை விட வேகமான சேமிப்பு. ஹார்ட் டிஸ்க் நொடிக்கு நூற்றைம்பது எம்பி அளவில் படிக்கும். சாட்டா கேபிளில் இணைக்கும் சாதாரண எஸ்எஸ்டி ஐந்நூறைத் தாண்டும். சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி எடுப்பதில்தான் பெரிய வித்தியாசம், கேம் நடுவில் வரும் திக்கல் பாதி அங்கேதான் பிறக்கிறது. 500 ஜிபி போதும். விண்டோஸும் இப்போது விளையாடும் இரண்டு மூன்று கேமும் அதில். படங்களும் பாடக் கோப்புகளும் பழைய ஹார்ட் டிஸ்க்கில். பி350 போர்டுகளில் பெரும்பாலும் ஒரு எம்.2 இடம் இருக்கும், கேபிள் இல்லாமல் போர்டிலேயே செருகும் என்விஎம்இ வகையை அதில் போடலாம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: சில போர்டுகளில் எம்.2இல் ஏதாவது செருகினால் இரண்டு சாட்டா போர்ட்கள் அணைந்துவிடும். எஸ்எஸ்டி போட்டதும் ஹார்ட் டிஸ்க் காணாமல் போனால் பதறாதீர்கள், கேபிளை வேறு போர்ட்டில் செருகுங்கள். எஸ்எஸ்டியை மட்டும் புதுசாகவே வாங்குங்கள். இணையக் கடைகளில் நம்பமுடியாத விலைக்கு 4 டிபி என்று விற்பவை போலி. உள்ளே அவ்வளவு இடம் இருக்காது, எழுதிய கோப்புகளும் மிஞ்சாது.

அடுத்து ரேம். இன்னொரு 8 ஜிபி ஸ்டிக். மொத்தம் 16 ஆவது ஒரு பக்கம். இரண்டு ஸ்டிக் என்பதால் பிராசசர் இரண்டு வழியாகப் படிக்க ஆரம்பிக்கும் என்பது மறுபக்கம். ரைசனுக்கு இந்த இரட்டை வழி ரொம்பவே உதவும். கேரோசல் என்ற பழைய பொருள் விற்கும் தளத்தில் டிடிஆர்4 3200 இரண்டு எட்டு ஜிபி ஜோடி நியாயமான விலைக்குக் கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு உங்கள் ஒற்றை ஸ்டிக்கை விற்றுவிடலாம். இல்லையா, உள்ளதோடு வேகம் ஒத்துப்போகும் ஒன்றைச் சேருங்கள். போர்டில் நான்கு ரேம் இடம் இருந்தால், பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் போடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் போட்டால் பல போர்டுகளில் இரட்டை வழி வேலை செய்யாது.

மூன்றாவது பிராசசர். இங்கேதான் உங்கள் போர்டின் அருமை தெரியும். தேட வேண்டியது ரைசன் 5 5600. 1600 போலவே ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 65 வாட். அப்புறம் எதற்கு மாற்ற வேண்டும் என்று தோன்றும். 1600இல் ஆறு கோரும் மூன்று மூன்றாக இரண்டு கூட்டமாகப் பிரிந்திருக்கும். ஒரு கூட்டத்திலிருந்து மறு கூட்டத்துக்குத் தகவல் போக நேரமாகும், கேமில் அது திக்கலாகத் தெரியும். 5600இல் ஆறும் ஒரே கூட்டம், நடுவில் 32 எம்பி கேஷை, அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரியை, எல்லாம் பகிர்ந்துகொள்கின்றன. வேகமும் 3.6 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.4க்கு ஏறுகிறது. 5500, 5600ஜி என்ற பெயர்களில் கொஞ்சம் மலிவாக வரும், அவற்றில் கேஷ் 16 எம்பிதான். இருபது வெள்ளி மிச்சம் பிடிக்க அதை எடுக்க வேண்டாம்.

விண்டோஸ் விஷயமும் இதில் தீர்ந்துவிடும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11இன் அதிகாரபூர்வப் பட்டியலில் முதல் தலைமுறை ரைசன் இல்லை. உங்கள் 1600க்கு இடமில்லை, 5600க்கு இருக்கிறது. வாலரண்ட் விண்டோஸ் 11இல் ஓட பயாஸில் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு அமைப்புகளும் ஆனில் இருக்க வேண்டும். செக்யூர் பூட்டுக்கு டிஸ்க் ஜிபிடி என்ற பிரிப்பு முறையில் இருக்க வேண்டும். புது எஸ்எஸ்டியில் விண்டோஸை ஆரம்பத்திலிருந்து போட்டால் இது பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே நகலெடுக்க வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிராசசர் மாற்றும் வேலையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தவறு நடக்கும் இடம் இதுதான். புது பிராசசரை வாங்கும் முன்பே, பழையது உள்ளே இருக்கும்போதே, பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் போர்டின் பக்கத்துக்குப் போய் பிராசசர் ஆதரவுப் பட்டியலில் 5600 இருக்கிறதா, எந்த பயாஸ் எண்ணிலிருந்து என்று பாருங்கள். சில போர்டுகளில் நேராகக் கடைசி பயாஸுக்குத் தாவ முடியாது, நடுவில் ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அந்தக் குறிப்பு அங்கேயே எழுதியிருக்கும். பெயர் ஒரு எழுத்து மாறினாலும் வேறு போர்டு. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆனில் இருந்தால் பயாஸைத் தொடும் முன்பே அதன் மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

கழற்றும் நாளில் முதலில் அரை மணி நேரம் கேம் ஓட விடுங்கள். பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் இருக்கும் பேஸ்ட் இத்தனை வருடத்தில் இறுகியிருக்கும், சூடானால் இளகும். அணைத்து, பிளக்கை எடுத்து, திருகுகளைக் குறுக்குக் குறுக்காகத் தளர்த்தி, கூலரை மேலே இழுக்காமல் இடமும் வலமுமாக மெதுவாகத் திருப்புங்கள். ஒட்டு விட்டதும் தானாக வரும். நேராக இழுத்தால் ஏஎம்4இல் பூட்டு மூடியிருக்கும்போதே பிராசசர் கூலரோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பின்கள் பிராசசரின் அடியில்தான் இருக்கின்றன, மொத்தம் 1331; ஒன்று வளைந்தாலும் விற்பது கடினம். புதிதை வைக்கும்போது மூலையில் இருக்கும் சின்னத் தங்க முக்கோணத்தை சாக்கெட்டில் இருக்கும் முக்கோணத்தோடு சேர்த்து வையுங்கள். தன் எடையிலேயே இறங்க வேண்டும், அழுத்தக் கூடாது. முதல் தடவை ஆன் செய்யும்போது, புது சிபியு போட்டிருக்கிறீர்கள், எஃப்டிபிஎம்மை (பிராசசரிலேயே இருக்கும் டிபிஎம்) அழிக்கவா என்று கறுப்புத் திரையில் ஒரு கேள்வி வரலாம். பிட்லாக்கர் சாவி கையில் இருந்தால் ஆம் என்று சொல்லலாம்.

1600ஓடு ரெய்த் ஸ்பயர் கூலர் வந்திருக்கும். 5600 பெட்டியில் வரும் ரெய்த் ஸ்டெல்த்தை விட அது பெரியது. ஆகவே பழைய கூலரை வைத்துக்கொள்ளுங்கள்; கூலர் இல்லாமல் வெறும் பிராசசரை மட்டும் யாராவது மலிவாக விற்றாலும் தயங்காமல் வாங்கலாம். புது பேஸ்ட் மட்டும் வேண்டும்.

கடைசியாகத்தான் கார்டு. 1060இன் 3 ஜிபி வகையில் மெமரி மட்டுமல்ல, கோர்களும் 6 ஜிபி வகையை விடக் குறைவு. அந்தத் தலைமுறை கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் தருவதையும் என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். மாற்ற வேண்டியதுதான், ஆனால் அவசரம் இல்லை. உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது இரண்டாம் கை ஆர்எக்ஸ் 6600. எட்டு ஜிபி மெமரி, 132 வாட், ஏஎம்டியே 450 வாட் பவர் சப்ளை போதும் என்று சொல்லும் கார்டு. 1080பிக்குத் தாராளம். ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி நல்ல விலையில் மாட்டினால் அதுவும் சரி, ஆனால் அது 170 வாட் எடுக்கும், என்விடியா கேட்பது 550 வாட் பவர் சப்ளை. அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மட்டும் வேண்டவே வேண்டாம். கார்டையும் போர்டையும் இணைக்கும் பிசிஐஇ பாதையில் அது நான்கே வழிகளைப் பயன்படுத்தும். பி350 போர்டு பிசிஐஇ 3.0 என்பதால், 4 ஜிபி மெமரி நிறைந்ததும் அந்தக் குறுகிய வழியில் தகவல் முட்டிக்கொண்டு நிற்கும். கேரோசலில் மலிவாகக் கண்ணில் படும், அதனால்தான் பெயரைச் சொல்லி எச்சரிக்கிறேன்.

பவர் சப்ளையை ஒரு தடவை வெளியே எடுத்து லேபிளைப் பாருங்கள். பெயர் தெரிந்த கம்பெனியா, 80 பிளஸ் என்ற மின்சிக்கன முத்திரை இருக்கிறதா, கார்டுக்கான ஆறு கூட்டல் இரண்டு பின் கேபிள் அதிலிருந்தே வருகிறதா. இந்த மூன்றும் இருந்தால் 6600க்கு அதுவே போதும். கேபிள் இல்லை, மோலெக்ஸ் என்ற பழைய வகைக் கேபிளிலிருந்து மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்தக் கம்பி சூடேறி உருகலாம். பெயரே கேள்விப்படாத பவர் சப்ளை என்றால் கார்டைத் தள்ளிப்போட்டு அதை முதலில் மாற்றுங்கள். இந்த ஒன்றில் மிச்சம் பிடிக்கப் போய் மற்ற எல்லாவற்றையும் பணயம் வைக்காதீர்கள்.

பணத்தை நான் பிரித்தால் இப்படிப் பிரிப்பேன்: எஸ்எஸ்டிக்கு 60, ரேமுக்கு 50, பிராசசருக்கு 110, கார்டுக்கு 180. இவை நீங்கள் தாண்டக்கூடாத கோடுகள், சந்தை விலை வாரத்துக்கு வாரம் மாறும். ரேம் விலை இப்போது இருக்கும் நிலையில் அந்தக் கோட்டுக்குள் கிடைக்காமல் போகலாம். அப்படியானால் கார்டுக்கான பணத்திலிருந்து எடுத்து ரேமை முடியுங்கள். முதல் மூன்றையும் போட்டதுமே வாலரண்ட் வேறு கம்ப்யூட்டர் மாதிரி ஓடும். பழைய 1600ஐ விற்று வரும் காசையும் அடுத்த மாதச் சம்பளத்தையும் சேர்த்துப் பிறகு கார்டு வாங்கலாம்.

எங்கே வாங்குவது? ரோச்சர் ரயில் நிலையத்தில் இறங்கினால் சிம் லிம் ஸ்குவேர் என்ற கம்ப்யூட்டர் கடைத்தொகுதி, தேக்காவிலிருந்து நடந்தே போகலாம். எஸ்எஸ்டி, பேஸ்ட், பவர் சப்ளை இவற்றுக்கு அங்கே நாலு கடை ஏறி இறங்கி விலை கேளுங்கள். முதல் கடையிலேயே வாங்க வேண்டாம், ரசீது இல்லாமல் எதையும் வாங்க வேண்டாம். பழைய பொருள் விற்கும் கடைகளுக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு. 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கும் குறைபாட்டுப் பொருள் சட்டம், லெமன் லா என்பார்களே, அது வியாபாரியிடம் வாங்கும் இரண்டாம் கைப் பொருளுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது விற்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். கடைக்காரர் மறுத்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். கேரோசலில் ஒரு தனிமனிதரிடம் வாங்கினால் அந்தச் சட்டம் உங்களுக்கு உதவாது. ஆகவே கடையில் பத்து இருபது வெள்ளி கூடுதல் என்றால், கார்டைப் பொறுத்தவரை அது கொடுக்கத் தகுந்த விலை.

தனிமனிதரிடம் என்றால், எம்ஆர்டி நிலையத்தில் கை மாற்றிக்கொள்ளும் பழக்கம் ரேமுக்கும் பிராசசருக்கும் சரி. கார்டுக்குச் சரிவராது. விற்பவரின் கம்ப்யூட்டரில் அது ஓடுவதைக் காட்டச் சொல்லுங்கள். பதினைந்து நிமிடம் ஒரு கனமான கேம் ஓடட்டும். திரையில் புள்ளிகளோ கோடுகளோ வருகிறதா, விசிறிகள் எல்லாம் சுற்றுகின்றனவா, வெப்பம் ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். ஜிபியு இசட் என்ற மென்பொருளைத் திறந்து கார்டின் பெயரையும் மெமரியையும் சரிபாருங்கள். பிறகு கழற்றி, பின்பக்க உலோகத் தகட்டையும் திரை செருகும் வாய்களையும் வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரத்தில் சரியாக வைக்காத கார்டில் அங்கேதான் துரு பூக்கும். கிரிப்டோ சுரங்க வேலையில் ஓடிய கார்டு என்று விற்பவரே சொன்னால் அதற்காக மட்டும் ஒதுக்க வேண்டாம். எதிரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் முறையை மாற்றியதோடு அந்த வேலை பெரும்பாலும் நின்றுவிட்டது, விசிறியும் வெப்பமும் சரியாக இருந்தால் கார்டும் சரி. சோதித்த பிறகே பேநவ்வில் பணம் அனுப்புங்கள். முன்பணம் கேட்டால் விட்டுவிடுங்கள். மோசடியோ என்று சந்தேகமாக இருந்தால் மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799க்கு அழைத்து விசாரிக்கலாம்.

ஏஎம்டி கார்டு போடும் முன் என்விடியா டிரைவரை டிடியு என்ற மென்பொருள் கொண்டு முழுசாக நீக்கிவிடுங்கள்.

வீவக அடுக்குமாடி வீட்டு அறையில், ஏர்கான் இல்லாத நேரத்தில், கம்ப்யூட்டர் இழுக்கும் காற்றே முப்பது டிகிரியைத் தாண்டியிருக்கும். மேசைக்கடியில் மூடிய அலமாரிக்குள் வைத்தால் வெளியே தள்ளிய சூட்டையே திரும்ப உள்ளே இழுக்கும். பெட்டியைத் திறந்து தூசி எடுங்கள். ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழல விடாதீர்கள். இத்தனை வருடம் திறக்காத பெட்டி என்றால் இதிலேயே பத்து டிகிரி குறைந்தாலும் ஆச்சரியமில்லை.

இப்போதைக்கு ஒரு வேலை செய்யுங்கள். சிபியு இசட் என்ற இலவச மென்பொருளில் மெயின்போர்டு பக்கத்தைத் திறந்து போர்டின் முழுப் பெயர், பயாஸ் எண் இரண்டையும் எழுதி அனுப்புங்கள், பவர் சப்ளை லேபிளின் படத்தோடு. எந்த பயாஸிலிருந்து எதற்குப் போக வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை எதற்கும் பணம் கட்ட வேண்டாம்.